அளவு பிழைத்த கறுப்புக் கல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. ஆனால் குசினியில் சமையல் மேடையாக நின்ற தட்டை நான் உடைத்தது கோபத்தால் அல்ல, நண்டால். வாவி நண்டு, நல்ல முற்றல். அதன் பெரிய காலைத் தட்டின் மூலையில் வைத்து அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டேன். நண்டுக்கால் அப்படியே கிடந்தது. தட்டின் மூலைதான் ஒரு சாண் அகலத்துக்குக் கழன்று என் காலடியில் விழுந்தது.

கீழே முக்காலியில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமி, அதாவது என் மனைவியின் அம்மா, நிமிர்ந்து பார்த்தார்.

"நண்டு தப்பிட்டுது மருமகன்," என்றார்.

சிரிப்பதா கத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்பில் தேங்காய்ப்பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து ஒரு கத்துக் கத்திவிட்டு மீதி நண்டை வாசற்படியில் வைத்து உடைத்தேன்.

அந்தத் தட்டு எங்கள் கல்யாணத்துக்கு முன்பு மாமனார் கட்டுவித்தது. இரண்டு கல் தூண், மேலே ஒரு சிமெந்துப் பலகை, அவ்வளவுதான். அதன் மேல் எத்தனை தேங்காய் உடைபட்டிருக்கும், எத்தனை மீன் வெட்டுப்பட்டிருக்கும்! மேற்பூச்சு கழன்று குழி குழியாகப் போய், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் குழிகளுக்குள் மீன் வாடை நின்றது. ஐந்து வாய்க்கு மூன்று நேரமும் சமையல் நடக்கிற இடம். மூலையும் போனபிறகு அதில் ஒரு பானையை நம்பி வைக்க முடியவில்லை.

சமைப்பது நான்தான். என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் அப்போது ஆறு வருடம். மூத்தவள் மகள், அவளுக்குப் பின் இரட்டைப் பொடியன்கள். மாமிக்கு முழங்கால் ஏலாது. காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு ஓட்டோவை எடுத்துக்கொண்டு நாவற்குடாச் சந்திக்குப் போவேன். பதினொரு மணிக்குத் திரும்பி வந்து சோறு வைப்பேன். பிறகு மறுபடியும் சந்தி. முதல் வருடம் சந்தியில் நிற்கிற மற்ற ஓட்டோக்காரர்கள் "அண்ணன், இண்டைக்கு என்ன கறி?" என்று பகிடி பண்ணினார்கள். மூன்றாவது வருடம் அவர்களே என்னிடம் சுறாப் புட்டுக்குப் பதம் கேட்டார்கள்.

தட்டு உடைந்த அதே கிழமை என் மனைவி குவைத்திலிருந்து ஃபோன் எடுத்தாள்.

"மச்சான், ரெண்டு மாசத்தில வாறன். ஒரேயடியா வாறன்."

எனக்குச் சந்தோஷத்தை விடப் பயம்தான் முதலில் வந்தது. ஏனென்றால் மூன்று வருடத்துக்கு முன்பும் ஒரேயடியாக வருகிறேன் என்றுதான் வந்தாள். வந்தவள் நாற்பது நாள் கூடத் தரிக்கவில்லை. "குசினியில நிக்க ஏலாமக் கிடக்கு மச்சான்," என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். பிறகு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒரு தரம் ஃபோன் எடுத்தான். அதே குவைத் வீட்டுக்குத் திரும்பிப் போகப் பெட்டியைக் கட்டிவிட்டாள். வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு மகள் நின்ற நிலை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. இந்த முறையும் அதே ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தானாம்: மூன்று மாதத்துக்குள் திரும்பினால் அதே வீடு, கூடின சம்பளம் என்று.

இந்த முறை அவளை விடக் கூடாது. எனக்கு வேறு ஒரு நினைப்பும் இல்லை. குசினியில் நிற்க ஏலாது என்றுதானே சொன்னாள்? நிற்கக்கூடிய குசினியாக ஆக்கிக் காட்டுகிறேன் என்று ஒரு வேகம் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு என் ஓட்டோவில் ஏறிய ஒருவரையும் நான் சும்மா விடவில்லை. கண்ணாடியில் பார்த்து, "உங்கட குசினித் தட்டு என்ன போட்டிருக்கிறீங்க?" என்று கேட்பேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு தாதி, "டைல் மட்டும் போட்டிராதீங்க தம்பி. இடுக்கில மஞ்சள் ஏறினா பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷோட உட்கார வேண்டியதுதான்," என்றார். பென்சன் எடுக்க வந்த ஒருவர் நிறம் கலந்த சிமெந்தைத் தேய்த்து மினுக்குவதுதான் மலிவு என்றார். கல்லடிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவரே, புளி பட்டால் அது வெளிறிப் போகும் என்றும் சொல்லி முடித்தார். புதிதாகக் கல்யாணம் முடித்த ஒரு பெண் அலுமினியச் சட்டத்தில் பலகை பொருத்திய தட்டைப் புகழோ புகழென்று புகழ்ந்தாள். அவளை இறக்கிவிட்ட வீட்டுக்குள் கூட்டிப் போய்க் காட்டவும் செய்தாள். அங்கே அவளுடைய அம்மாவின் குசினியில் அதே மாதிரித் தட்டு, ஒரு மாரி மழை கண்டதோடு நனைந்த பாண் துண்டு போல ஊதிக் கிடந்தது. வாய் இருக்கிறவன் எல்லாம் மேசன்தான். நான் ஒவ்வொரு நாளும் ஒரு முடிவோடு வெளிக்கிட்டு வேறொரு முடிவோடு வீட்டுக்கு வந்தேன்.

உண்மையில் எனக்குள் ஒரு முடிவு ஏற்கெனவே இருந்தது. அது அவள் அனுப்பிய படங்களில் இருந்தது. ஆறு வருடத்தில் அவள் எத்தனையோ படம் அனுப்பியிருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே இடம். பின்னால் நீளமான கறுப்புக் கல் தட்டு, எண்ணெய் பூசின மாதிரி மினுங்கும். அதன் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். ஆசை இல்லாமலா திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கிறாள் என்று நினைத்தேன். வாய் திறந்து கேட்கிறவள் இல்லை அவள். அதனால்தான் படமாக அனுப்புகிறாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கிரனைட் என்றால் அடிக்கணக்கில் விலை. நம்மால் கிட்டப் போக ஏலாது. காத்தான்குடியில் கல்லும் டைலும் விற்கிற ஒரு கடைக்கு ஒரு சவாரியோடு சும்மா போய் விலை கேட்டேன். கடைக்கார நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், சொன்ன விலைக்கு நான் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன். பின்னாலேயே அவர் குரல் வந்தது.

"தம்பி, கோவப்படாம ஒரு நிமிசம் நில்லுங்க. அளவு பிழைச்ச ஒரு கல்லு இரிக்கி. பாக்கிறீங்களா?"

கடைக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றது அது. யாரோ ஒருவருடைய வீட்டுக்கென்று வெட்டி, அளவு பிழைத்து, அவர் எடுக்கமாட்டேன் என்று விட்டுப் போன கல். எட்டு அடி நாலு அங்குல நீளம். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கான துவாரம் நடுவில் வர வேண்டியது ஒரு முழம் தள்ளி வந்திருந்தது. மேலே படிந்திருந்த தூசியை நானா தான் உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் துடைத்தார். கன்னங்கரேல் என்று என் முகம் அதில் தெரிந்தது. அதே கல்! படத்தில் இருந்த அதே மினுக்கம்!

"இத விட்டா இந்த விலைக்கு உங்களுக்கு ஒரு படிக்கல்லும் கிடைக்காது," என்றார் நானா. அதுவும் உண்மைதான். வழக்கம்போல ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்து, இரண்டு பிளேன்டீ குடித்து, அன்றைக்கே முற்பணம் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தால் எங்கள் குசினி சுவருக்குச் சுவர் எட்டே எட்டு அடி. கல்லோ நாலு அங்குலம் கூட. ஒழுங்காக வெட்டி எடுக்க மெசின் கூலி வேறு. நான் பிறந்த கிரானிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு மேசனைக் கூப்பிட்டேன். வயதில் மூத்தவர், எங்கள் ஊர்க்காரர்.

"கல்லை வெட்டுவானேன் தம்பி? சுவரை வெட்டுவம்," என்றார். ஒரு பக்கச் சுவரில் நாலு அங்குலம் ஆழமாகவும் மறுபக்கம் இரண்டு அங்குலமும் தோண்டி, ஒரு முனையை உள்ளே விட்டு, மற்ற முனையை இழுத்துப் பொருத்திவிடலாமாம்.

அங்கேதான் மாமி குறுக்கே வந்தார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்ததும் ஆண்தான் பையைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவான். நானும் கிரானிலிருந்து ஒரு பையும் ஒரு சைக்கிளுமாக வந்தவன்தான். ஒருவரும் என்னை ஒரு சொல் குறைத்துச் சொன்னதில்லை. ஆனாலும் பதினாறு வருடமாக அந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் அடிப்பேன்.

"வீடு என்ட மகள்ட. சுவரில உளி வைக்கிறதெண்டா அவகிட்ட ஒரு சொல்லுக் கேளுங்க மருமகன்," என்றார் மாமி.

"கேட்டா அவ வரக்குள்ள பாத்துச் சந்தோசப்பட என்ன கிடக்கும் மாமி?"

"சந்தோசப்படாட்டி?"

"ஏன் படமாட்டா? ஆறு வருசமா அந்தக் கல்லுக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுத்து அனுப்புறா! உங்களுக்குத்தான் கண்ணில்ல!"

சொன்ன பிறகுதான் வார்த்தை கூடிப்போனது தெரிந்தது. மாமி முக்காலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். நான் நியாயத்தையே சொல்கிறேன்: அன்றைக்கு அவர் சொன்னதுதான் சரி. ஆனால் எனக்கு அந்த வீட்டில் என் கையால் ஒரு பொருள் வைக்க வேண்டும் என்று இருந்தது. நான் வைத்தது, நான் தேடிப் பிடித்தது என்று சொல்லக்கூடிய ஒன்று. அதைக் கேட்டு வாங்கி வைத்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். மேசனைப் பார்த்து, "வெட்டுங்க அண்ணன்," என்றேன்.

சின்ன லொறியில் வந்த கல்லை நாலு பேர் தூக்கினோம். சுவருக்குள் நுழைத்து, கீழே மூன்று கல் கட்டுக் கட்டி, தொட்டி வைத்து, குழாய் இழுத்து முடிக்க மூன்று நாள். கீழே கதவு வைத்த அலுமாரி அடிக்கக் காசு காணவில்லை. பானை சட்டியெல்லாம் வெளியில் தெரியத்தான் இருந்தன. பரவாயில்லை, மேலே ராசா மாதிரிக் கல் இருந்தது. பிள்ளைகள் அதில் தங்கள் முகம் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள்.

அவள் ஒரு காலை நேரத்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். மகளைக் கட்டிப்பிடித்து, தன்னை விட உயரமாக வளர்ந்துவிட்டாள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவளைக் கையைப் பிடித்து நேரே குசினிக்குக் கூட்டிப் போனேன்.

அவள் வாசலில் நின்றாள். கல்லைப் பார்த்தாள்.

"எப்பிடி?"

"நல்லாரிக்கி மச்சான்," என்றாள். சொல்லிக்கொண்டே தொட்டிப் பக்கம் போய், தொங்கிய துணியை எடுத்து, பொடியன்கள் கை வைத்த அடையாளத்தைத் துடைத்தாள். கைப்பை இன்னும் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத் தொடங்கிய துடைப்பு. சோறு வடித்தால் துடைப்பாள். தேத்தண்ணி ஊற்றினால் துடைப்பாள். ஒரு சொட்டுத் தண்ணீர் காய்ந்தால் அந்தக் கல்லில் வெள்ளைப் புள்ளி தெரியும். அதைத் துடைக்க எழுந்து போவாள். சாய்ந்து நின்று வெளிச்சத்தில் பார்ப்பாள், இன்னும் ஒரு தரம் துடைப்பாள். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பிடிக்கு மேல் இருக்கமாட்டாள். வீட்டுக்குள் கதைக்கும்போது அடுத்த அறையில் யாரோ தூங்குகிற மாதிரிக் குரலைத் தாழ்த்திக் கதைப்பாள். பெட்டி பிரிக்காமல் அறை மூலையில் நின்றது. உடுப்பை அதிலிருந்து எடுப்பாள், கழுவிக் காயவைத்து மடித்து அதற்குள்ளேயே வைப்பாள். கிழமைக்கு இரண்டு தரம் ஏஜென்சிக்காரன் ஃபோன் எடுத்தான். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முற்றத்தில் நடந்துகொண்டே "பாப்பம், பாப்பம்" என்றாள். அந்த "பாப்பம்" ஒவ்வொன்றையும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நானும் தரிக்கவில்லை. சந்தியில் நின்றால் வீட்டு நினைவு. வீட்டுக்கு வந்தால் அவள் கையில் துணி. சவாரி கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தேன். ஒருவரை இடம் மாறி இறக்கிவிட்டு ஏச்சும் வாங்கினேன்.

பதினோராம் நாள் மத்தியானம் வந்து பார்க்கிறேன், பிள்ளைகள் மூன்றும் கிணற்றடியில் குந்தியிருந்து சாப்பிடுகிறார்கள்.

"ஏன் வெளிய?"

மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: "சோத்துக் கோப்பையக் கல்லில வெச்சா அம்மா பதறுறா அப்பா. யல்லா யல்லா எண்டு அரபில அவசரப்படுத்துறா. மறுகா அவவே அழுறா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பையும் கழற்றாமல் குசினிக்குள் போனேன். அவள் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன்.

"இது குவைத்தா? ஆ? இது உன்ட வீடு! ஆருக்குத் துடைக்கிறாய்? உனக்கெண்டுதானே நாய் மாதிரி அலைஞ்சு தேடிப் பிடிச்சன்! படத்துக்குப் படம் இந்தக் கல்லுக்குப் பக்கத்தில நிண்டு சிரிச்சவ நீதானே!"

அவள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கல்லில் கையை ஊன்றினாள், படத்தில் ஊன்றின அதே மாதிரி. உடனே எடுத்துவிட்டு, கைபட்ட இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அந்த வீட்டில என்னை நிக்க விட்ட இடம் அதுதான் மச்சான். வேற எங்க நிண்டு படம் எடுக்க? வீட்டுக்கார மெடம் தூங்கப் போற நேரம், கல்லைத் துடைச்சு முடிச்சாத்தான் ஃபோன் தருவா. ஒரு விரல் அடையாளம் கண்டா அண்டைக்கு ஃபோன் இல்ல. பிள்ளையள்ட குரல் இல்ல. ஆறு வருசம் நான் அந்தக் கல்லைத் துடைச்சுத் துடைச்சுத்தான் உங்களோட கதைச்சன்."



"போன முறை வந்து நிக்க ஏலாமப் போனதும் அதாலதானா?" என்று கேட்டேன்.

"என்னமோ, ஆரோ கூப்பிடுவாங்க எண்டே கிடந்தது. இப்ப இஞ்சயும் அதே கல்லு. குனிஞ்சா அதே முகம் தெரியுது. சொன்னா உங்கட மனசு நோகும். எவ்வளவு பாடுபட்டிருப்பீங்க? அதான் சொல்லல்ல."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். என் கதையில் நான் குரங்கைத் தேடிப் போய், நாலு பேரைக் கொண்டு தூக்கி வந்து, சுவரை இடித்து உள்ளே வைத்திருக்கிறேன். அவளிடம் ஒரே ஒரு சொல் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். மாமி அதைத்தானே சொன்னார்? வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓட்டோவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். பாலத்தில் இரண்டு தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். கைகாட்டியவர்களுக்கு நிறுத்தவில்லை. வாவியில் தோணிக்காரர்கள் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது, கடைசியில் அது என் மேலேயே வந்து நின்றது.

காத்தான்குடிக் கடைக்குத்தான் போனேன். கல்லைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்டேன்.

"நல்லாக் கேட்டீங்க தம்பி! அளவு பிழைச்ச கல்ல ஒருத்தர் வேணாமெண்டு விட்டாரு. இப்ப நீங்களும் விட்டா அத நான் என்ட தலையிலயா வெச்சிக்கிற? வாங்க, முதல்ல தேத்தண்ணி குடிங்க," என்றார் நானா.

கடைக்குப் பின்னால் அவர்கள் தேத்தண்ணி குடிக்கிற இடம். இரண்டு சிமெந்துக் கல்லுக்கு மேல் ஒரு பலகைக் கல் போட்டிருந்தார்கள். சாம்பல் நிறம், சொரசொரப்பு, வாள் ஓடின வரிகள். அதன் மேல் தேத்தண்ணிக் கிளாஸ் வைத்த வட்டங்கள், வட்டத்துக்கு மேல் வட்டம். வெற்றிலைக் கறை, பென்சில் கணக்கு, யாரோ உடைத்த பாதாம் கொட்டையின் தூள். ஒருவரும் அதைத் துடைப்பதாகத் தெரியவில்லை. நானும் கிளாசை அதில் வைத்தேன். எடுத்தபோது இன்னொரு வட்டம்.

"இது என்ன கல்லு நானா?"

"என்ன கல்லு? உங்கட கல்லுதான். அது முகம், இது முதுகு. கவுத்துப் போட்டிரிக்கி."

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முதலில் மாமியிடம் போனேன். "அண்டைக்குக் கண்ணில்ல எண்டு சொல்லிப்போட்டன் மாமி. கண்ணில்லாதவன் நான்தான்," என்றேன். மாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார். பிறகு அவளைத் தேடிக் குசினிக்குப் போனேன். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன்.

"உன்ட வீடு. உன்னட்ட ஒரு சொல்லுக் கேக்க வந்திருக்கிறன். இந்தக் கல்லைப் புரட்டிப் போடட்டா?"

அவளுக்கு விளங்கவில்லை. ஓட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிப் போய், அந்தத் தேத்தண்ணிக் கல்லைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். முகம் தெரிகிறதா என்றுதான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். உள்ளங்கையால் ஒரு தரம் தடவினாள்.

"இது எல்லாத்தையும் குடிக்குமே மச்சான். மஞ்சள், எண்ணெய் எல்லாம் ஊறிப் போகும்."

"ஊறட்டும்."

"அசிங்கமாக் கிடக்கும்."

"கிடக்கட்டும். ஆரு வந்து பாக்கிற?"

இன்னொரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "மேசனுக்கு வேற கூலி குடுக்கணுமே," என்றாள். அது சம்மதம் என்று பதினாறு வருடம் அவளோடு இருந்தவனுக்குத் தெரியும்.

மேசன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "முப்பது வருசம் இந்த வேலை செய்யிறன். மினுக்கின பக்கத்தைக் கீழ வையெண்டு சொன்ன முதல் ஆள் நீதான் தம்பி. விசரா உனக்கு?" திட்டிக்கொண்டே சுவரை மறுபடியும் உடைத்தார். கல் வலம் இடமாகப் புரண்டதில் தொட்டித் துவாரமும் இரண்டு முழம் நகர்ந்து ஜன்னல் பக்கம் போய்விட்டது. குழாயை மாற்றி இழுக்க வேண்டி வந்தது. அதற்கும் திட்டினார். முன் விளிம்பு இப்போது கூராக நின்றதால் பிள்ளைகளின் கையை வெட்டாமல் கிரைண்டர் பிடித்து மழுக்கினார். குசினி முழுக்கத் தூசி. அவள் அந்தத் தூசிக்குள் நின்று, "அண்ணன், இன்னும் கொஞ்சம் மழுக்குங்க" என்று சத்தமாகச் சொன்னாள். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் குரல் முற்றம் வரை கேட்டது.

அடுத்த நாள் நண்டு வாங்கி வந்தேன். கறியை அவள்தான் வைத்தாள். மகள் மஞ்சள் கரண்டியைச் சாய்த்துவிட்டாள். ஈரக் கல்லில் ஒரு கை அகலத்துக்கு மஞ்சள் பரவியது. எல்லோரும் அப்படியே நின்றோம். அவள் கை துணிக்குப் போனது. ஒரு தரம் துடைத்தாள். மஞ்சள் போகவில்லை. இன்னொரு தரம் துடைத்தாள். அப்போதும் அது அங்கேயே இருந்தது. துணியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, "தேங்காயைத் துருவித் தாங்களன், பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள். பொடியன்கள் கோப்பையோடு உள்ளே வந்தார்கள்.

அதற்குப் பிறகும் சில நாட்கள் அவள் கை தானாகத் துணியைத் தேடியது. ஏஜென்சிக்காரனும் விடவில்லை. பெட்டியும் மூலையில்தான் நின்றது. நான் அதைப் பார்ப்பேன், ஒன்றும் கேட்கமாட்டேன். கேட்காமல் இருப்பது என் குணத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். மூன்று மாதம் முடிய எத்தனை நாள் கிடக்கிறது என்று சந்தியில் நின்று விரல் மடித்துப் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சோறு வைக்கிற ஞாபகத்தில் வீட்டுக்கு வந்தேன். சோறு ஏற்கெனவே வெந்திருந்தது. கட்டிலின் மேல் அவளுடைய உடுப்பெல்லாம் குவிந்து கிடந்தது. மூலையில் பெட்டியைக் காணவில்லை. குசினிக்கு ஓடினேன்.

அவள் தரையில் மண்டியிட்டிருந்தாள். கல் தட்டுக்குக் கீழே, கதவு வைக்கக் காசு காணாமல் போன அந்த இடத்தில், பெட்டியைத் திறந்தபடி தள்ளி வைத்திருந்தாள். ஒரு பக்கம் வெங்காயம், உருளைக்கிழங்கு. மறுபக்கம் தேங்காய் ஆறு. பெட்டியின் பிடியில் விமான நிலையத்துச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

முக்காலியில் இருந்த மாமி கேட்டார்: "வெங்காயத்தைப் போட்டு நாறடிச்சிட்டாயே புள்ள, மறுகா போகக்குள்ள உடுப்பை எதில கொண்டு போவாய்?"

"ஆரு போற?" என்றாள் அவள், தேங்காயை அடுக்கிக்கொண்டே.

நான் திரும்பி வந்து ஓட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருகவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். யாரோ ஒருவர் படலைக்கு வெளியே நின்று, சந்திக்குப் போகலாமா என்று கேட்டார். இன்றைக்கு ஓட்டம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.